மழைக்கு ஒதுங்கிய நெல்

அத்தியாயம் 11

போன வாரம் மஞ்சுளா சொல்லிவிட்டுப் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். மறந்தவர்களுக்காகவும், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி இந்த வாரம்தான் படிக்க ஆரம்பித்தவர்களுக்காகவும் சுருக்கமாக ஒரு முறை சொல்லிவிடலாம்.

பாகூர் ஏரிக்கரையை ஒட்டிய ஊரில் சிங்காரவேலு குடும்பத்தின் பழைய அரிசி மிஷின் ஓடாமல் நின்று சில வருஷங்கள் ஆகின்றன. மருமகள் கல்பனா அதை இடிக்க விடாமல் விசேஷ மண்டபமாக மாற்றியிருக்கிறாள். ஆனால் இடத்தில் பாதி நாத்தனார் மஞ்சுளாவுக்குச் சொந்தம். மதகடிப்பட்டு உலகநாதன், மிஷினைத் தரைமட்டமாக்கி மனை பிரித்து விற்கலாம் என்று மஞ்சுளாவின் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறார்.

முதல் விசேஷம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தால் தான் வாயே திறப்பதில்லை என்று மஞ்சுளா சொல்லியிருந்தாள். குறை வந்தால் உலகநாதனுக்குக் கையெழுத்து. அந்த முதல் விசேஷம் இன்றைக்கு.

காலையிலிருந்து கல்பனாவுக்கு ஒரு இட்லிகூட உள்ளே இறங்கவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை.

தவளக்குப்பம் ஜவுளிக்கடை ஷரீப் பாயின் மகள் அஸ்மாவுக்கு நிச்சயம். தை மாதம் என்பதால் சுற்றுவட்டாரத்தில் ஒரு மண்டபம் காலியில்லை. எங்கும் கிடைக்காமல், அரை மனதோடுதான் ஷரீப் பாய் மிஷினைப் பார்க்க வந்தார். பார்த்ததும் முழு மனதாகிவிட்டார். கடலூர் சம்பந்தி வீட்டாரிடம் அரண்மனை மாதிரி ஒரு இடம் பிடித்திருப்பதாகப் போனிலேயே அளந்துவிட்டார் என்று கேள்வி.

அளந்ததில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. நெல் அரைத்த கூடம்தான் இப்போது விழாக்கூடம். மேலே பழைய தேக்கு உத்தரங்களைக் கல்பனா எண்ணெய் போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள். ஆளுயரத்துக்கும் மேலான இரும்புச் சக்கரத்தைக் கழற்ற விடாமல் மேடைக்குப் பின்னால் அப்படியே நிறுத்தி, மல்லிகைச் சரம் சுற்றியிருந்தாள். நெல் ஊறவைத்த தொட்டி ஓரத்தில் குழாய்கள் போட்டு, அதைக் கை கழுவும் இடமாக்கியிருந்தாள். மூட்டை அடுக்கிய குடோனில் பந்தி. நெல் காய்ந்த களத்தில் கார்கள் நிற்கும்.

வாசலில் புதுப் போர்டு ‘சிங்காரவேலு மஹால்’ என்று மின்னியது. ஊரில் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. மிஷினில் விசேஷம் என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. போர்டு எழுதியவருக்கு அதில் வருத்தம். கல்பனாவுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

மாமனார் சிங்காரவேலுவுக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்திருந்தாள். மிஷினின் பழைய சைரன் சங்குக்குப் புது மோட்டார் போட்டாயிற்று. மாப்பிள்ளை வீட்டுக் கார்கள் ஏரிக்கரையில் திரும்பும்போது அவர் சுவிட்சைப் போட்டு ஒரு முறை ஊத வேண்டும். ஊதிவிட்டுப் பட்டுச் சட்டை கசங்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த இரண்டாவது பாதிதான் அவருக்குக் கஷ்டம். சும்மா இருப்பது அந்த மனுஷருக்கு ஜாதகத்திலேயே கிடையாது.

மஞ்சுளா அரியூரிலிருந்து வெள்ளனவே வந்துவிட்டாள். தம்பி மணிபாரதி காபி நீட்டியதை வாங்கிக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். தரையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், சக்கரத்தில் சுற்றிய மல்லிகையைப் பார்த்தாள். பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

கல்பனா கணவனிடம் போய், அண்ணி ஏதாவது சொன்னார்களா என்று கேட்டாள். காபியில் சர்க்கரை கம்மி என்றாளாம். அது குறைக் கணக்கில் சேருமா என்று கல்பனா கவலைப்பட்டாள். மணிபாரதிக்குச் சிரிப்பு வந்தது. இவளுக்கு வரவில்லை.

பதினொரு மணி சுமாருக்குக் களத்து ஓரக் கொட்டகையில் பிரியாணித் தேக்சா அண்டாக்கள் ‘தம்’மில் ஏறின. அஸ்மா மாடி அறையில் தோழி முஸ்கானோடு தயாராக இருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் கடலூரைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது. எல்லாம் நூல் பிடித்த மாதிரி போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் கிழக்கே, ஏரிக்கு மேலே, மேகம் கறுத்தது.

தை மாதத்தில் மழையா என்று கேட்காதீர்கள். மழைக்கு இப்போதெல்லாம் மாதம் ஏது? அதுவும் ஊரில் அறுப்பு முடிந்த கையோடு, அத்தனை பேர் நெல்லும் ஏரிக்கரைத் தார் ரோட்டில் பாதி அகலத்துக்குக் கொட்டிக் காய்ந்துகொண்டிருந்த நாளில் அது வந்தது. நனைந்தால் முளைத்துவிடும். ஈரமாக இருந்தால் கொள்முதலில் தொடவே மாட்டார்கள்.

சிங்காரவேலு ஜன்னல் வழியாக அந்த மேகத்தைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் எழுந்தார். சுவிட்சைப் போட்டார்.

சங்கு நீளமாக ஊதியது. மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள் என்று கல்பனா பன்னீர்ச் செம்போடு வாசலுக்கு ஓடினாள். வாசலில் ஒரு காரும் இல்லை. உள்ளே சங்கு நிற்காமல் ஊதிக்கொண்டே இருந்தது.

மணிபாரதி முகம் வெளுத்துப்போய் ஓடி வந்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. மிஷின் ஓடிய காலத்தில் வேலைக்கு மணிதான் அடிப்பார்கள். சங்கு மழைக்கு மட்டும். ஊதினால் மிஷின் கதவு திறந்தாயிற்று, யார் நெல்லானாலும் கூரைக்குள் கொண்டுவரலாம் என்று அர்த்தம். கேட்க வேண்டாம், கூலி வேண்டாம். காய்ந்ததும் அவரவர் அள்ளிக்கொண்டு போவார்கள். இது சிங்காரவேலுவின் அப்பா ஏற்படுத்திய வழக்கம். மோட்டார் மாற்றினார்கள், பெயின்ட் அடித்தார்கள், வழக்கத்தை மாற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தார்கள். சிங்காரவேலு பக்கத்திலேயே திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்.

“மேகத்தப் பாத்தேம்மா,” என்றார். “கை தன்னால போயிடுச்சு.”

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். மாமனார் உடைத்தால் என்ன குடம் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. கல்பனாவுக்குக் கோபப்படக்கூட நேரமில்லை. வெளியே டிராக்டர் சத்தம் கேட்டது.

முதலில் வந்தது தமிழ்க்குமரனின் டிராக்டர். டிரெய்லர் நிறைய நெல், மேலே தார்ப்பாய். பின்னால் இன்னொரு டிராக்டர், அதன் பின்னால் ‘சின்ன யானை’ லோடு வேன், மொபெட்டில் குறுக்கே மூட்டைகள். கால்நடையாக வந்தவர்களில் விருத்தாம்பாள் முன்னால் வந்தாள். இரண்டு காணி குத்தகைக்கு எடுத்துத் தனி ஆளாகப் பயிர் வைக்கிறவள். தலையில் ஒரு மூட்டை, இடுப்பில் சுருட்டிய கோணி.

மணிபாரதி இரும்பு கேட்டில் ஒரு கதவை இழுத்துச் சாத்திவிட்டு, இன்னொரு கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டான்.

“தமிழு, இன்னைக்கு விசேஷம்பா. இது இப்போ மண்டபம். வேற எங்கியாவது கொண்டும்போ.”

தமிழ்க்குமரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டிராக்டரை அணைக்காமலே குனிந்து கேட்டான்.

“வேற எங்கண்ணே போவேன்? சங்கு ஊதனது நீங்கதான?”

 மணிபாரதி கல்பனாவிடம் வந்து காதோரமாக, “எங்கப்பா உன் மண்டபத்துக்கே சங்கு ஊதிட்டாரு, போ,” என்றான்.

டிராக்டர்களுக்குப் பின்னால், தூரத்தில், பூ ஜோடித்த ஒரு காரும் ஒரு வேனும் நகர முடியாமல் நின்றன. மாப்பிள்ளை வீட்டார். ஏரிப்பக்கம் ஒரு மின்னல் வெட்டியது.

கல்பனா திரும்பிப் பார்த்தாள். கூடத்தின் வாசற்படியில் மஞ்சுளா வந்து நின்றிருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு.

கதவைச் சாத்தினால் குறையில்லாமல் விசேஷம் நடக்கும். நாத்தனார் வாய் திறக்க மாட்டாள். கட்டடம் பிழைக்கும். உத்தரம், சக்கரம், தொட்டி எல்லாம் பிழைக்கும். ஆனால் நாளைக்கு இந்த ஊரில் யார் இதை மிஷின் என்று சொல்வார்கள்? நெல் நனைந்த நாளில் கதவைச் சாத்திய இடம் என்றுதான் சொல்வார்கள். அதற்காகவா இத்தனை பாடுபட்டாள்? அவளுக்கு அழுகை முட்டியது. அழுதால் மை கரைந்துவிடும் என்ற கவலையும் கூடவே வந்தது.

“ரெண்டு கதவையும் தொறங்க,” என்றாள் கணவனிடம். “நெல்லு குடோனுக்குப் போவட்டும். பந்திய கூடத்துல போட்டுக்கலாம்.”

மணிபாரதி அக்காவை ஒரு பார்வை, மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் அதுவும் ஒன்று.

அடுத்த இடி ஷரீப் பாய். வெள்ளை வெளேரென்ற உடுப்பில், அத்தர் மணக்க, வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார்.

“சம்பந்திக்கு நான் இன்னா பதில் சொல்றது கல்பனா? அரமனைன்னு சொல்லிக் கூட்டியாந்து நெல்லு மூட்டையக் காட்றதா?”

தப்பு தங்களுடையதுதான் என்று கல்பனா ஒப்புக்கொண்டாள். கூடத்தில் ஒரு நெல்மணி விழாமல் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அவருக்கு மனம் ஆறவில்லை. இந்தக் குடும்பத்தை நம்பியதற்குத் தன்னைத்தான் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் என்று தொடங்கினார். பாதி வாக்கியத்தில் விருத்தாம்பாள் மூட்டையோடு குறுக்கே வந்தாள். தலையில் சுமையிருந்ததால் கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பினாள்.

“இன்னா பாய், அஸ்மாவுக்கா நிச்சயம்? மவராசியா இருக்கட்டும்.”

வாழ்த்துகிறவளிடம் எப்படிக் கோபப்படுவது? அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் வாழ்த்தினார்கள். அத்தனை பேரும் பொங்கலுக்கு அவர் கடையில்தான் துணி எடுத்தவர்கள். தலையில் மூட்டையோடு ஒவ்வொருவராக நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போக, ஷரீப் பாய் ஒவ்வொருவருக்கும் தலையாட்ட வேண்டியதாயிற்று. நாலைந்து தலையாட்டலில் கோபம் பாதியாகிவிட்டது. மீதிக் கோபத்தை டிராக்டர்காரர்கள் மேல் காட்டினார். வண்டியை இப்படியா நிறுத்துவது என்று கத்தி, தானே முன்னால் நின்று ரிவர்ஸ் எடுக்க வழி சொன்னார். பண்டிகைக் கூட்டத்தைக் கடையில் சமாளிக்கிறவருக்கு இது பெரிய வேலையா?

முதல் தூறல் விழுந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பொறுமை போய்விட்டது. வேனிலிருந்து இறங்கிவிட்டார்கள். பட்டுப்புடவை, சரிகைத் துப்பட்டா, கையில் சர்க்கரைத் தட்டு, பூத்தட்டு, பழத்தட்டு. மழையோ வலுக்கத் தொடங்கியிருந்தது.

கல்பனா குடையைத் தேடி ஓடுவதற்குள் தமிழ்க்குமரன் காலியான தன் டிரெய்லரிலிருந்து தார்ப்பாயை உருவினான். ஆளுக்கு ஒரு முனையாக அவனும் கூட வந்தவர்களும் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேன் வரைக்கும் ஓடினார்கள். நீலத் தார்ப்பாய்க்கு அடியில் தட்டு ஏந்திய பெண்கள், நடுவில் மாப்பிள்ளை அஷ்ரப், முன்னால் அவன் அம்மா. இரண்டு பக்கமும் டிராக்டர்கள் வரிசையாக நிற்க, நடைபந்தல் மாதிரி அது மெல்ல மெல்ல மிஷினுக்குள் வந்தது.

வாசலில் கல்பனா பன்னீர் தெளித்தாள். ஏற்கெனவே நனைந்திருந்தவர்களுக்கு எதற்குப் பன்னீர் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா தார்ப்பாயை அண்ணாந்து பார்த்தார். அதில் ஒட்டியிருந்த நெல் ஒன்றிரண்டு அவர் துப்பட்டாவில் விழுந்திருந்தன. இதுவும் ஏற்பாடுதானா என்று ஷரீப் பாயிடம் கேட்டார்.

ஷரீப் பாய் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

“ஆமாங்க. எங்க பக்கத்துல மாப்பிள்ள வூட்டுக்காரங்கள இப்படித்தான் அழைச்சிக்குவோம்.”

மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அஸ்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முஸ்கானுக்கு அடக்க முடியவில்லை. அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். நம்பிச் சிரித்தாரா, நம்பாமல் சிரித்தாரா என்று கண்டுபிடிக்க வழியில்லை. எப்படியோ, சிரித்தார். அது போதும்.

நிச்சயம் நல்லபடியாக நடந்தது. துஆ ஓதியபோது ஓட்டுக் கூரையில் மழை கொட்டிய கொட்டில் ஓதுகிறவர் குரலை இரண்டு மடங்கு உயர்த்த வேண்டியிருந்தது. சர்க்கரை மாற்றிக்கொண்டார்கள். அஸ்மா கழுத்தில் மாமியார் சங்கிலி போட்டார். அஷ்ரப் பெண்ணைப் பார்த்ததைவிடப் பின்னாலிருந்த சக்கரத்தைத்தான் அதிகம் பார்த்தான் என்று முஸ்கான் பிற்பாடு கலாட்டா செய்தாள். அவன் மெக்கானிக்கல் படித்தவன், அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

கல்பனா அப்போதுதான் மூச்சு விட்டாள். விட்ட மூச்சு பாதியில் நின்றது. முன்வரிசையில் மஞ்சுளாவின் நாற்காலி காலியாக இருந்தது.

வாசலில் பார்த்தாள், மாடியில் பார்த்தாள். அண்ணி வந்த கார் மட்டும் களத்திலேயே நின்றது. உலகநாதனுக்குப் போன் பண்ணத்தான் ஒதுங்கியிருக்கிறாள் என்று கல்பனா முடிவே செய்துவிட்டாள். 

குடோனிலிருந்து ஒரு அதட்டல் கேட்டது.

மஞ்சுளா புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். கையில் மரப்பலகை. நெல்லைச் சுவரோடு ஒட்டிக் குவித்துவிட்டதற்காகத் தமிழ்க்குமரனை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள். சுவர் ஈரம் நெல்லில் ஏறும், ஒரு முழம் தள்ளிக் கொட்டு என்று சொல்லித் தானே பலகையால் இழுத்துத் தள்ளினாள். கல்பனாவைக் கண்டதும் அதட்டல் இந்தப் பக்கம் திரும்பியது.

“மேல இருந்த காத்து ஜன்னல யாரு அடைச்சது?”

ஏசி போடுவதற்காகத் தான்தான் அடைக்கச் சொன்னதாகக் கல்பனா சொன்னாள். 

“நெல்லு வெந்து பூடும்டி. மனுசங்களுக்கும் காத்துதான் வேணும். தொறக்கச் சொல்லு.”

மணிபாரதி ஏணி போட்டு ஏறி அட்டைகளைப் பிய்த்தெறிந்தான். ஏரிக்காற்று குளுகுளுவென்று உள்ளே வந்தது. அதுவரை புழுங்கிக்கொண்டிருந்த குடோன் ஒரு நிமிஷத்தில் வேறு இடமாகிவிட்டது. இத்தனை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு ஏசிக்காரரோடு மல்லுக்கு நின்றதை நினைத்துக் கல்பனா வெட்கப்பட்டாள். வெட்கத்தை மீறிச் சந்தோஷமாகவும் இருந்தது.

கூடத்தில் பந்தி போட்டார்கள். நெல் கொண்டுவந்தவர்கள் நனைந்த துணியோடு ஒதுங்கி நின்றதைப் பார்த்த ஷரீப் பாய், யாரும் சாப்பிடாமல் போகக் கூடாது என்று கட்டளை போட்டுவிட்டார். பிரியாணி பற்றுமா என்று சமையல் பண்டாரி விழித்தார். பற்றாவிட்டால் தயிர்ச்சோறு கிளறு என்று மாப்பிள்ளையின் அம்மாவே சொன்னார். கடைசியில் பிரியாணிக்கும் பஞ்சமில்லை, தயிர்ச்சோறும் மீந்தது.

விருத்தாம்பாள் சாப்பிட்டுவிட்டுத் தொட்டிக் குழாயில் கை கழுவும்போது, மாசியில் தன் மகள் சரண்யாவுக்கு வளைகாப்பு, மிஷினிலேதான் என்று தீர்மானமாகச் சொன்னாள். அதை அவள் கேட்கவில்லை, சொன்னாள். கல்பனா சரி என்று தலையாட்டினாள். மாசியில் இந்தக் கூரை இருக்குமா என்பது அவளுக்கே தெரியாது.

அதைக் கேட்டுவிடுவது என்று அவள் மஞ்சுளாவிடம் போனாள். மஞ்சுளா குடோன் வாசலில் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“குறை இல்லாம நடக்கலயே அண்ணி,” என்றாள் கல்பனா.

“நடக்கலதான்,” என்றாள் மஞ்சுளா. சொல்லிவிட்டு அடுத்த காலைத் துடைக்கத் தொடங்கினாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் களத்துத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. உலகநாதன். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, தோல் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தார். இன்றைக்கு வரச் சொன்னது மஞ்சுளாதான் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்துவிட்டது. 

நல்ல நேரம் முடிவதற்குள் கையெழுத்தைப் போட்டுவிடலாம் என்று அவர் பையைத் திறந்தார். திறந்தவர் குடோனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நின்றார். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நெல். பொன் நிறத்தில், குவியல் குவியலாக.

“இது யார் நெல்லு அக்கா?”

“ஊரு நெல்லு.”

“எப்ப எடுப்பாங்க?”

“காஞ்சதும் எடுப்பாங்க.” மஞ்சுளா எழுந்து நின்று புடவைச் செருகலை அவிழ்த்துவிட்டாள். “எங்க கூரைல ஒதுங்கின நெல்லு ஈரத்தோட வெளிய போனது கெடையாது. அதுவரைக்கும் இந்த எடத்த விக்க எனக்கும் உரிம இல்ல, எந்தம்பிக்கும் இல்ல. நீ போய் சாப்பிடு.”

உலகநாதன் அவளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிரியாணி வாசனை வந்த திசையைப் பார்த்தார். பையை மூடிக்கொண்டு பந்திக்குப் போனார். பையை மூடினாரே தவிர, காருக்குக் கொண்டுபோய் வைக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் வைத்துக்கொண்டுதான் இலையில் உட்கார்ந்தார்.

மழை எப்போது விடும் என்று அவர் கேட்டதற்குச் சிங்காரவேலு ஏரிப்பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சொல்ல முடியாது என்றார்.

கல்பனா களத்து ஓரம் வந்து நின்றாள். புகைபோக்கியின் உச்சி தெரியாத அளவுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. ஊர் நெல்லெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிற தைரியத்தில், இந்த மழை நிற்கவே கூடாது என்று அவள் மனமார வேண்டிக்கொண்டாள். விருத்தாம்பாள் காதில் மட்டும் அது விழுந்திருந்தால் உதைதான் விழுந்திருக்கும்.